கேள்வி பதில்: லோரியின் தலையை விட்டு வயிற்றைப் பாருங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் லோரிக் கிளிகளைப் பற்றியவை மட்டும் அரை டஜன். அதில் இரண்டு பேர் ஏறக்குறைய ஒரே பறவையைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். அதனால் மற்ற பறவைகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, பக்கம் முழுவதையும் லோரிக்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: ஐயா, என் அத்தை மகன் ஒரு லோரி வளர்க்கிறார். வாங்கிய இடத்தில் "பர்ப்பிள் நேப் லோரி, இந்தோனேசியாவின் சேரம் தீவுப் பறவை, ரொம்ப அபூர்வம்" என்று சொல்லித்தான் கொடுத்தார்களாம். பறவை வளர்க்கும் நண்பர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, இல்லை, இது வழக்கமான பிளாக் கேப் லோரிதான் என்கிறார். நானும் படங்களைத் தேடிப் பார்த்தேன், இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. சிவப்பு உடம்பு, பச்சைச் சிறகு, கறுப்புத் தலை. மூன்று படங்கள் அனுப்பியிருக்கிறேன். யார் சொல்வது சரி?

பதில்: நண்பர் சொல்வதுதான் சரி. உங்கள் முதல் இரண்டு படங்களை மட்டும் பார்த்திருந்தால் நானும் கொஞ்சம் தடுமாறியிருப்பேன், ஏனென்றால் அவை பறவையின் முதுகுப் பக்கம் இருந்து எடுத்தவை. மூன்றாவது படத்தில் அது கூண்டுக் கம்பியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு கிண்ணத்தை எட்டிப் பார்க்கிறது பாருங்கள், அந்த ஒரு படம் போதும். வயிறு முழுக்கக் கருநீலம். அது பிளாக் கேப் லோரி.

பெயர்களை முதலில் சரிசெய்துகொள்வோம், பாதிக் குழப்பம் அங்கேதான் இருக்கிறது. பிளாக் கேப் என்பதைக் கருந்தொப்பி என்றும் பர்ப்பிள் நேப் என்பதை ஊதாப்பிடரி என்றும் எழுதுகிறேன். இரண்டும் லோரியஸ் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இரண்டுக்கும் 1758-ல் ஒரே நூலில் அறிவியல் பெயர் வைத்தவர் லின்னேயஸ். முன்னது லோரியஸ் லோரி, பின்னது லோரியஸ் டாமிசெல்லா. ஆங்கிலப் பெயர் வைத்தவர்கள் இரண்டுக்கும் தலையைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள், ஒன்றுக்கு உச்சி, இன்னொன்றுக்குப் பிடரி. ஆனால் உச்சி இரண்டுக்குமே கறுப்பு! பிடரி நிறமும் வெளிச்சத்தைப் பொறுத்து மாறித் தெரியும். பெயரை நம்பித் தலையையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

ஊதாப்பிடரியின் தலையில் நெற்றியிலிருந்து கறுப்பு ஆரம்பித்து, பின்னால் போகப் போக ஊதாவாகக் கரையும். எங்கே கறுப்பு முடிந்தது, எங்கே ஊதா தொடங்கியது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. வெயிலில் திரும்பும்போது அந்த ஊதா பளிச்சென்று எரியும், நிழலுக்குப் போனதும் முழுத் தலையும் கறுப்பாகிவிடும். கிளிகளின் நீலம் சாயத்தால் வருவது இல்லை. இறகுக்குள் இருக்கும் நுண்ணிய பஞ்சு போன்ற அமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால்தான் நீலம் தெரிகிறது. ஊதாவும் அந்த நீலத்தை நம்பித்தான் நிற்கிறது. வெளிச்சம் குறைந்தால் முதலில் காணாமல் போவது அதுதான். சிவப்பும் மஞ்சளும் அப்படி இல்லை. கிளிகள் தங்கள் உடம்பிலேயே தயாரித்துக்கொள்ளும் நிறமியால் வருபவை அவை, நிழலிலும் ஓரளவு நிற்கும். ஆகவே மங்கலான அறையில், குழல்விளக்கு வெளிச்சத்தில், செல்போனில் எடுத்த படத்தை வைத்துப் பிடரி ஊதாவா கறுப்பா என்று சண்டை போடுவதில் பயனே இல்லை.

கருந்தொப்பியின் தலை வேறு மாதிரி. தொப்பி உச்சியோடு பின்கழுத்தின் மேல்பாகத்தில் முடிந்துவிடும், அதற்குக் கீழே பெரும்பாலும் மெல்லிய ஒரு சிவப்புப் பட்டை, அதற்கும் கீழே முதுகின் மேல் கருநீலம். அதாவது கறுப்பு, சிவப்பு, நீலம் என்று அடுக்கு தெரியும். இதை மட்டும் சொல்லி முடித்துவிடலாம் என்றால், பியாக் தீவுக்காரர் குறுக்கே வந்து நிற்கிறார். கருந்தொப்பிக்கு 7 துணையினங்கள் உண்டு. ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே உள்ள பெரிய தீவான நியூ கினியின் வடமேற்கே இருக்கும் பியாக் தீவில் வாழும் துணையினத்துக்கு அந்தச் சிவப்புப் பட்டை கிடையாது; கறுப்புத் தொப்பியும் பிடரி நீலமும் நேராக ஒட்டிக்கொள்கின்றன. பின்னால் இருந்து பார்த்தால் ஊதாப்பிடரி என்றே தோன்றும். உங்கள் அத்தை மகனிடம் இருப்பது இந்தப் பியாக் வகையாக இருக்கும் என்றுதான் முதல் படத்தைப் பார்த்து நினைக்கிறேன், கறுப்புக்கும் நீலத்துக்கும் நடுவில் ஒரு சிவப்பு இறகுகூட இல்லை. விற்றவர் வேண்டுமென்றே பொய் சொன்னாரா, அவருக்கே தெரியாதா என்பதற்குள் நான் போகவில்லை. இரண்டுமே நடக்கும்.

அதனால்தான் வயிற்றைப் பாருங்கள் என்கிறேன். ஊதாப்பிடரிக்கு மார்பும் வயிறும் சிவப்பு, தொடை மட்டும் நீலம் கலந்த ஊதா. கருந்தொப்பிக்குத் தொடை, வயிறு எல்லாமே நீலம், அந்த நீலம் இரண்டு பக்கமும் மேலேறி முதுகு நீலத்தோடு போய்ச் சேரும், பக்கவாட்டில் பார்த்தால் சிவப்பு மார்புக்கு ஒரு நீல ஓரம் தைத்த மாதிரி இருக்கும். இங்கே ஒரு எச்சரிக்கை. பறவை கிளையில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது தொடை இறகுகள் வயிற்றை மூடிக்கொள்ளும், ஊதாப்பிடரியின் தொடை நீலத்தைப் பார்த்து "வயிறு நீலம்" என்று எழுதிவிடுவார்கள். தொங்கும்போது பாருங்கள், அல்லது நெட்டி முறிக்கும்போது. லோரிகள் நாளில் பாதி நேரம் தலைகீழாகத்தான் இருக்கும், கொஞ்சம் பொறுமையாக நின்றால் அதுவே காட்டிவிடும்.

நியூ கினியின் தெற்குப் பகுதித் துணையினத்தில் மார்பின் சிவப்பு இன்னும் கீழே இறங்கி, பக்கங்களில் நீலத்தை வெட்டிவிடுகிறது. ஆனாலும் அடிவயிறு நீலமாகவே இருக்கும்.

சிறகின் அடிப்புறத்தை வைத்துச் சொல்கிறேன் என்று சிலர் வருவார்கள். ஊதாப்பிடரிக்கு உட்சிறகின் முன்பக்கச் சிறிய இறகுகள் நீலம். கருந்தொப்பியின் முதன்மைத் துணையினத்துக்கு அதே இடம் சிவப்பு. கேட்க அழகான வித்தியாசம். ஆனால் கருந்தொப்பியின் வேறு சில துணையினங்களில் அதே இடம் நீலமாக இருக்கிறது, ஆக அங்கே சிவப்பு தெரிந்தால் ஊதாப்பிடரி இல்லை என்று சொல்லலாமே தவிர, நீலம் தெரிந்ததால் ஊதாப்பிடரிதான் என்று சொல்ல முடியாது.

அளவிலும் வித்தியாசம் உண்டு, கருந்தொப்பி சுமார் 31 செ.மீ., ஊதாப்பிடரி சுமார் 28. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரியும், தனியாக ஒன்றைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. குஞ்சாக இருந்தால் இன்னும் கஷ்டம். முதிர்ந்த பறவைக்கு அலகு நல்ல ஆரஞ்சு, இளம் பறவைக்குப் பழுப்பேறி இருக்கும். அலகு முழுசாக ஆரஞ்சாகும் வரை நிறத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல நான் அவசரப்பட மாட்டேன்.

உங்கள் அத்தை மகனுக்கு வருத்தமாக இருக்கும், அது புரிகிறது. ஆனால் அவர் கையில் இருப்பது மட்டமான பறவை இல்லை. கருந்தொப்பி அத்தனை அழகு, புத்திசாலியும்கூட.

கேள்வி: எங்களிடம் உள்ள லோரிக்கு மார்பில் மஞ்சள் பட்டை இருக்கிறது, தொப்பியும் கறுப்பு. மஞ்சள் பட்டை இருந்தால் கண்டிப்பாக ஊதாப்பிடரி லோரிதான் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். நம்பலாமா?

பதில்: கருந்தொப்பிக்கு மார்பில் மஞ்சள் கிடையாது, அந்த வரைக்கும் காணொளி சொன்னது சரி. ஊதாப்பிடரிக்கு மார்பின் குறுக்கே மஞ்சள் பட்டை உண்டு. அது பறவைக்குப் பறவை மாறும், ஒன்றுக்கு விரல் அகலம், இன்னொன்றுக்கு நாலைந்து மஞ்சள் இறகு மட்டும். இளம் பறவைகளுக்கு அகலமாக இருந்து பிறகு குறையும்.

ஆனால் "கண்டிப்பாக" என்ற சொல்தான் தப்பு. இந்தப் பேரினத்தில் மொத்தம் 6 இனங்கள். அதில் சாலமன் தீவுகளில் வாழும் இன்னொன்றுக்கும் கறுப்புத் தொப்பி, சிவப்பு உடம்பு, மார்பில் மஞ்சள் பட்டை, நீலத் தொடை எல்லாம் உண்டு. யெல்லோ பிப்டு லோரி என்று அழைக்கப்படுவது அதுதான். பிரித்துச் சொல்ல இரண்டு இடங்களைப் பாருங்கள். கழுத்தின் இரண்டு பக்கமும், மஞ்சள் பட்டை முடியும் இடத்துக்கு மேலே, கறுப்புத் திட்டு இருக்கிறதா? வாலின் நுனிப் பாதி பச்சையா? இரண்டும் ஆம் என்றால் அது சாலமன் தீவுப் பறவை. ஊதாப்பிடரிக்குக் கழுத்தில் கறுப்புத் திட்டு இல்லை, வாலும் சிவப்புதான், நுனியில் கொஞ்சம் இருண்டிருக்கும், அவ்வளவே. உங்கள் படத்தில் வால் கூண்டுச் சட்டத்துக்குப் பின்னால் மறைந்துவிட்டது. வால் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.

இதே வரிசையில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அடுத்த கடிதம் அதைப் பற்றித்தான் வரும். கிழக்கு நியூ கினியிலும் அதன் பக்கத்துத் தீவுகளிலும் வாழும் பர்ப்பிள் பெல்லீட் லோரி, கருந்தொப்பியின் நெருங்கிய சொந்தக்காரர். தொப்பி, நீல ஊதா வயிறு என்று அப்படியே இருக்கும். அதற்கு அலகின் அடியில், மூக்குத் துளைகளைச் சுற்றியுள்ள தோல் வெள்ளை. கருந்தொப்பிக்கு அதே இடம் சாம்பல் கலந்த கறுப்பு. இது ஒரு அருமையான அடையாளம், வெளிச்சம் எப்படி இருந்தாலும் ஏமாற்றாது.

கேள்வி: எங்கள் வீட்டு லோரிக்கு மற்றக் கிளிகளுக்குப் போடும் அதே சூரியகாந்தி விதையும் தினையும்தான் கொடுக்கிறோம். சாப்பிடுகிறது. ஆனால் சமீபமாக மெலிந்து, உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: இதைப் படித்ததும் முதலில் பறவை மருத்துவரிடம் காட்டுங்கள், மீதியைப் பிறகு படிக்கலாம். இறகை உப்பிக்கொண்டு ஓரமாக உட்காரும் பறவை ஏற்கெனவே பல நாள் நோயை மறைத்துக்கொண்டிருந்த பறவை.

சரி, உணவு. லோரி விதை தின்னும் கிளி இல்லை. மற்றக் கிளிகளுக்கு இரைப்பை தடித்த தசையாக இருக்கும், விதையை அரைக்கும். லோரிகளுக்கு அந்தத் தசை மெலிந்தது, ஏனென்றால் காட்டில் அது உயிர்வாழ்வது பூந்தேன், மகரந்தம், மென்மையான பழங்கள், கூட அவ்வப்போது பூச்சி. கருந்தொப்பியோ ஊதாப்பிடரியோ, இதில் வேறுபாடே கிடையாது. விதையைக் கொடுத்தால் கடித்துத் தின்னத்தான் செய்யும், பசிக்கிறதல்லவா. தின்கிறது என்பதால் அது அதற்கு ஏற்ற உணவாகிவிடாது.

அதன் நாக்கை ஒரு தடவை பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் விதையைக் கையில் எடுக்க மாட்டார்கள். ஒரு பறவைக்கூடத்தில் கருந்தொப்பி ஒன்று பூக்கொத்தைத் தின்பதைக் கம்பிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பூவை ஒரு காலால் பிடித்து அலகுக்கு நேரே கொண்டுவந்தது. நாக்கு வெளியே வரும்போது வழுவழுப்பாகத்தான் இருந்தது, பூவைத் தொட்ட உடனே நுனியில் மெல்லிய முடி மாதிரி நூல்கள் எழுந்து நின்றன, ஈரமான சித்திரத் தூரிகை போல. அதை மகரந்தத் தாள்களுக்குள் விட்டுத் துழாவி, உள்ளே இழுத்து, மேல் அலகின் உட்புறத்தில் தேய்த்தது. நொடிக்கு நொடி இதே வேலை. ஒரு பூவை முடிக்க மூன்று நான்கு நொடிகூட ஆகவில்லை. முடிந்ததும் பூவைக் கீழே விட்டுவிட்டு அடுத்ததைப் பிடித்தது. அலகின் ஓரமெல்லாம் மஞ்சள் பொடி. இந்த நாக்குக்கு நாம் சூரியகாந்தி விதையைக் கொடுக்கிறோம்!

லோரிக்கென்றே தயாரித்த பூந்தேன் பொடி கிடைக்கிறது, தண்ணீரில் கலந்து கொடுப்பது. அதுதான் அடிப்படை. கூடவே பழத் துண்டுகள், மருந்து தெளிக்காத பூக்கள். கலந்த திரவத்தை காலையில் வைத்துவிட்டு மாலை வரை விடாதீர்கள், நான்கு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம் எடுத்துவிடுங்கள். சர்க்கரைத் தண்ணீரில் பாக்டீரியாவும் பூஞ்சையும் எவ்வளவு வேகமாகப் பெருகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கிண்ணத்தை ஒவ்வொரு முறையும் வெந்நீரில் கழுவுங்கள். வெறும் தேனையும் சர்க்கரையையும் கரைத்து மட்டும் கொடுத்தால் புரதம் இருக்காது, காட்டில் அந்தப் புரதத்தை அதற்குக் கொடுப்பது மகரந்தம்.

இன்னொரு முக்கியமான விஷயம், இரும்புச்சத்து. லோரிகளின் உடல் தேவைக்கு மேல் இரும்பை ஈரலில் சேர்த்து வைத்துக்கொள்ளும், அது முற்றினால் உயிருக்கே ஆபத்து. சத்தாக இருக்கட்டும் என்று இரும்பு சேர்த்த குழந்தை உணவுகளைக் கலக்குபவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். எலுமிச்சை, ஆரஞ்சு வகைப் பழங்கள் இரும்பை உடம்பு ஏற்றுக்கொள்வதைக் கூட்டும் என்பதால் அவற்றையும் குறைத்துக்கொள்ளுங்கள். வெண்ணெய்ப்பழம் எந்தக் கிளிக்கும் விஷம்.

விதையிலிருந்து திரவ உணவுக்கு மாற்றும்போது எச்சம் தண்ணீராகப் போகும், பயந்துவிடாதீர்கள், லோரியின் எச்சமே அப்படித்தான், சுவர் வரை பீய்ச்சும். ஆனால் இப்போது மெலிந்திருக்கும் பறவைக்கு மாற்றத்தை எப்படிச் செய்வது என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

கேள்வி: என்னிடம் ஒரு பெண் ஊதாப்பிடரி இருக்கிறது, பிறந்த இடத்துச் சான்றிதழும் டி.என்.ஏ. சோதனை முடிவும் வைத்திருக்கிறேன். ஜோடிக்கு அதே இனத்தில் ஆண் கிடைக்கவே இல்லை. கருந்தொப்பி ஆண் ஒன்று இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வளர்க்கலாமா? குஞ்சு பொரிக்குமா?

பதில்: பொரிக்கக்கூடும். லோரியஸ் இனங்கள் கூண்டில் ஒன்றோடொன்று கலக்கும். அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

நீங்கள் சோதனை, சான்றிதழ் என்று இத்தனை பொறுப்பாக இருப்பவர் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காட்டில் இந்த இரண்டும் சந்திப்பதே இல்லை. கருந்தொப்பி நியூ கினி முழுவதும், அதன் மேற்குத் தீவுகளிலும் இருக்கிறது. நியூ கினியின் பரப்பு ஏறக்குறைய 7,86,000 சதுர கிலோமீட்டர். ஊதாப்பிடரிக்கு இருப்பது ஏறக்குறைய இந்தோனேசியாவின் சேரம் தீவு மட்டும்தான், சுமார் 17,000 சதுர கிலோமீட்டர், அதிலும் தீவு முழுவதும் கிடையாது, பெரும்பாலும் 400 மீட்டருக்கு மேலே 1,000 மீட்டர் வரையிலான மலைக்காடுகளில். நடுவே கடல். அந்தக் கடல்தான் இரண்டையும் வெவ்வேறு இனங்களாக ஆக்கியது, நாம் ஒரு கூண்டில் அடைத்து அதை இல்லாமல் செய்துவிடுகிறோம்.

கலப்புக் குஞ்சு எப்படி இருக்கும்? சிவப்பு வயிற்றில் நீலத் திட்டு, மார்பில் மஞ்சள் லேசாக. ஒரு தலைமுறை வரை கண்ணுக்குத் தெரியும். அந்தக் குஞ்சை யாரோ ஊதாப்பிடரி என்று வாங்கி இன்னொரு ஊதாப்பிடரியோடு சேர்ப்பார்கள், அடுத்த தலைமுறையில் நீலத் திட்டு சிறுத்துவிடும், அதற்கடுத்த தலைமுறையில் நான் மேலே எழுதிய வயிற்று அடையாளமே வேலைக்கு ஆகாது. கூண்டுகளில் இருக்கும் ஊதாப்பிடரிகள் எண்ணிக்கையில் மிகக் குறைவு. அதில் கலப்பு நுழைந்துவிட்டால் திரும்ப எடுக்க முடியாது.

உங்கள் பெண் பறவைக்குத் துணை இல்லையே என்ற கவலை நியாயமானது. பக்கத்துக் கூண்டில், கம்பி இடைவெளி விட்டு, அந்தக் கருந்தொப்பியை வைக்கலாம். ஒன்றையொன்று பார்க்கும், கத்திப் பேசிக்கொள்ளும். இரண்டின் கூண்டிலும் கூடுப்பெட்டி வைக்காதீர்கள். காலில் இருக்கும் வளையத்தின் எண்ணையும் சான்றிதழையும் வைத்து, பறவைக்கூடங்கள் நடத்தும் இனப்பெருக்கத் திட்டங்களுக்கு எழுதிப் பாருங்கள். தூய இனப் பெண் பறவை உங்களிடம் இருப்பது அவர்களுக்குப் பெரிய செய்தி. ஜோடி அமைந்தால் இரண்டு முட்டை இடும், ஏறக்குறைய 25 நாள் அடை. அந்த நாள் வந்தால் எனக்கும் எழுதுங்கள்.

கேள்வி: இரண்டில் எது நன்றாகப் பேசும்? எது அமைதியானது?

பதில்: அமைதியான லோரி என்று ஒன்று இல்லை. இரண்டுமே சத்தம் போடும், இரண்டுமே வார்த்தைகளைப் பழகும். கருந்தொப்பியின் கத்தலில் ஒரு மூக்கடைத்த அழுகை இருக்கும், பக்கத்து வீட்டுக்காரர்கள் கண்டிப்பாகக் கேட்பார்கள். பேச்சு என்பது அந்தந்தப் பறவையையும், அதோடு நீங்கள் செலவிடும் நேரத்தையும் பொறுத்தது, இனத்தைப் பொறுத்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு லோரி 25 ஆண்டு, அதற்கு மேலும் உயிரோடு இருக்கும். பேசுமா என்று கேட்பதற்கு முன் அதை யோசியுங்கள்.

கேள்வி: ஐயா, லோரிகளைப் பற்றி நீங்கள் எழுதும்போதெல்லாம் சேரம் என்று ஒரு தீவின் பெயர் வருகிறது. ஊதாப்பிடரி லோரி காட்டில் இப்போதும் இருக்கிறதா? அதை ஏன் அங்கேயே விட்டுவைக்கவில்லை? நான் பதினோராம் வகுப்பு படிக்கிறேன்.

பதில்: இருக்கிறது, தம்பி. குறைவாக இருக்கிறது. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கமான ஐ.யூ.சி.என். அதை அருகிவரும் இனம் என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. கருந்தொப்பிக்கு அந்த அளவு ஆபத்து இல்லை, அதன் காடு அவ்வளவு பெரியது.

பெயரில் இருந்தே ஆரம்பிக்கிறேன். லோரி என்ற சொல் மலாய் மொழியில் இருந்து வந்தது, அங்கே நூரி அல்லது லூரி. இந்தோனேசியாவில் இந்த இரண்டு பறவைகளையும் கஸ்தூரி என்பார்கள்! நம் கஸ்தூரிதான், அந்தச் சொல் மலாய்க்கும் போயிருக்கிறது. கருந்தொப்பிக்கு கஸ்தூரி கபாலா ஹீத்தாம், கபாலா என்றால் தலை, ஹீத்தாம் என்றால் கறுப்பு. ஊதாப்பிடரிக்கு கஸ்தூரி தெங்குக் உங்கு, தெங்குக் என்றால் பிடரி, உங்கு என்றால் ஊதா. நாம் "கபாலம்" என்று சொல்வதைத்தான் அவர்கள் தினமும் தலைக்குச் சொல்கிறார்கள்.

பறவை ஏன் குறைந்தது என்றால், அது அழகாக இருந்ததும், பேசியதும், பழகியதும்தான். நியூ கினியில் ஒரு பள்ளத்தாக்கில் பிடித்துத் தீர்த்தால் அடுத்த பள்ளத்தாக்கில் இருக்கும். சேரமில் அந்த அடுத்த பள்ளத்தாக்கு இல்லை. பழகிய லோரி ஒன்றை மரத்தில் கட்டி வைப்பார்கள். அது கத்தும். காட்டுப் பறவை பதில் சொல்லிக்கொண்டே வந்து பக்கத்துக் கிளையில் உட்காரும். அந்தக் கிளையில் ஏற்கெனவே நைலான் நூல் சுருக்குகள் கட்டியிருக்கும். ஜோடியாகத் திரியும் பறவை என்பதால் ஒன்று மாட்டினால் மற்றதும் பறந்து போய்விடாது, சுற்றிச் சுற்றி வரும். அதுவும் மாட்டும். இதை எழுதும்போதும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

பிடித்தவர்களை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போக முடியாது. ஒரு பறவைக்கு அவர்கள் கைக்கு வந்தது கொஞ்சம், கடல் தாண்டி விற்றவர்கள் பார்த்தது அதைப் போலப் பல மடங்கு. வாங்குவதற்கு ஆள் இருந்தவரை சுருக்கு கட்ட ஆள் இருந்தது. 1981-ல் ஏறக்குறைய எல்லாக் கிளி இனங்களும், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலுக்குள் வந்தன, அதாவது நாடு விட்டு நாடு போக அனுமதிச் சீட்டு கட்டாயம். அமெரிக்கா 1992-ல் காட்டுப் பறவைகள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்து, காட்டிலிருந்து பிடித்த கிளிகளின் இறக்குமதியைப் பெருமளவு நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் பறவைக் காய்ச்சல் பயத்தில் 2005-ல் தற்காலிகமாக நிறுத்தி, 2007-ல் அதை நிரந்தரமாக்கியது. இந்தோனேசியச் சட்டப்படியும் ஊதாப்பிடரி பாதுகாக்கப்பட்ட பறவை. கடல் கடந்த சந்தை சுருங்கியது உண்மை. உள்நாட்டில் கூண்டுப் பறவை வளர்க்கும் ஆசை பெரியது, அதனால் பிடிப்பது இன்னும் முழுசாக நிற்கவில்லை. இதே தீவுக்கும் அதன் பக்கத்துச் சிறு தீவுகளுக்கும் மட்டுமே சொந்தமான சால்மன் கொண்டைக் காக்கட்டூவுக்கும் இதே கதை, அதை 1989-ல் சைட்டிஸின் முதல் பட்டியலுக்கே உயர்த்த வேண்டி வந்தது.

தீவின் நடுவே மனுசேலா தேசியப் பூங்கா இருக்கிறது, சுமார் 1,890 சதுர கிலோமீட்டர், 3,027 மீட்டர் உயரமுள்ள பினாயா மலையும் அதற்குள்தான். ஊதாப்பிடரிக்குப் பிடித்த அந்த இடைப்பட்ட உயரத்துக் காடு அதற்குள் நன்றாகவே இருக்கிறது. பூங்காவின் வடக்குப் பக்கத்தில், முன்பு கிளி பிடித்துக்கொண்டிருந்த சிலரே பறவை பார்க்க வருபவர்களுக்கு வழிகாட்டிகளாக வேலை செய்கிறார்கள். உயர்ந்த மரத்தில் மேடை கட்டி, கயிற்றில் ஆளை ஏற்றி, காட்டுக் கூரையின் மட்டத்தில் உட்கார வைக்கிறார்கள். எந்த மரம் எப்போது பூக்கும், எந்த நேரத்தில் லோரி வரும், எந்தக் கத்தலுக்கு எந்தப் பறவை என்று சுருக்கு கட்டிய காலத்தில் கற்றதெல்லாம் இப்போது இதற்கு உதவுகிறது.

நீ எப்போதாவது அங்கே போனால் ஒன்று சொல்கிறேன். மேடையில் ஏறாவிட்டால், கூண்டில் பார்ப்பது போல மேலிருந்தோ பக்கவாட்டிலோ பார்க்கக் கிடைக்காது, பெரும்பாலும் தலைக்கு மேலே ஜோடியாகப் பறந்து போகும், இரண்டு மூன்று நொடிதான். பிடரியைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. கீழே இருந்து தெரிவது வயிறுதான், அது சிவப்பாக இருக்கும்.